பிள்ளை வளர்ப்பில் பிரம்பு வேண்டுமா? – ஒரு சைவ நோக்கு

எம்பெருமான் முருகனைக் குழந்தைத் தெய்வமாகக் கண்டு வழிபடுபவர்கள் நாங்கள். சரவணப் பொய்கையிலே தவழ்ந்து, கார்த்திகைப் பெண்கள் பாலூட்ட வளர்ந்த பிள்ளையைத்தான் செல்வச் சந்நிதியான் என்று தொண்டைமானாற்றங்கரையில் கைகூப்பி நிற்கின்றோம். குழந்தையைத் தெய்வமாகக் கொண்டாடும் ஊரில், வீட்டிலுள்ள குழந்தையை எவ்வாறு நடத்துவது என்பதும் சமயம் சார்ந்த வினாவேயாகும். ஆகவே கோயில் மலரிலே இந்த உலகியல் விடயம் எதற்கு என்று அன்பர்கள் எண்ண வேண்டியதில்லை.

பிள்ளைகளை அடித்துத் திருத்தலாமா, கூடாதா என்ற விவாதம் இன்று எம்மவர் மத்தியில் அடிக்கடி எழுகின்றது. “பிரம்பை எப்போது பாடசாலையிலிருந்து எடுத்தார்களோ, அன்றைக்கே பிள்ளைகள் கெட்டுப் போனார்கள்” என்பது ஒரு சாரார் கருத்து. போதைப்பொருட் பாவனை, வாள்வெட்டு, ஓயாத கைத்தொலைபேசி, பெரியோரை மதியாமை ஆகிய அனைத்துக்கும் அடி இல்லாமற் போனதே காரணம் என்கின்றனர் அவர்கள். அடி என்பது வன்முறை, அதனால் எந்தப் பிள்ளையும் திருந்தாது என்பது மற்றைய சாரார் வாதம். இரு பகுதியினரும் பிள்ளைகளின் நன்மையையே விரும்புகின்றனர் என்பதை முதலில் ஏற்றுக்கொண்டு இவ்விடயத்தை ஆராய்வோம்.

பழமொழிகள் கூறுவது என்ன?

அடிக்கு ஆதரவாக எமது முன்னோர் வாக்கே சாட்சியாகக் கொண்டுவரப்படுகின்றது. “அடியாத மாடு படியாது”, “முருங்கையை முறித்து வளர், பிள்ளையை அடித்து வளர்” என்ற பழமொழிகளைக் கேளாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இல்லை. ஆனால் முருங்கை வளர்ப்பவர் அதை எப்படி முறிக்கின்றார் என்று பாருங்கள். அவர் கோபத்தில் முறிப்பதில்லை. காய் ஓய்ந்த பருவம் பார்த்து, எந்தக் கிளையை எங்கே வெட்டினால் எங்கே தளிர்க்கும் என்று அறிந்து வெட்டுகின்றார். மரத்தின் அடியிலே கொத்துவதில்லை. “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா” என்ற பழமொழியும் வளைப்பதைப் பற்றித்தான் பேசுகின்றது. வளைப்பதும் முறிப்பதும் ஒன்றல்ல.

மாட்டைப் பற்றிய பழமொழிக்கோ எமது பெரியபுராணத்திலேயே விடை இருக்கின்றது. அதனைக் கீழே காண்போம்.

புராணங்கள் காட்டும் மூன்று கோல்கள்

முதலாவது கோல் சேய்ஞலூரிலே ஓங்கப்பட்டது. விசாரசருமர் என்ற அந்தணச் சிறுவர் பசு மேய்க்கும் இடையன் ஒருவனைக் கண்டார். கன்றீன்ற பசு ஒன்று தன்னை முட்ட வந்ததென்று அவன் அதைக் கோலால் அடித்தான். அதைப் பொறாத சிறுவர், அன்று முதல் பசுக்களைத் தாமே மேய்ப்பதாக ஏற்றுக்கொண்டார். நல்ல புல்லும் நீரும் உள்ள இடம் பார்த்து, வெயிலில் நிழலுக்குக் கூட்டிச் சென்று, அன்போடு பேணினார். அடித்து மேய்த்த காலத்திலும் பார்க்கப் பசுக்கள் மிகுதியாகப் பால் சொரிந்தன என்கின்றார் சேக்கிழார் பெருமான். அடியாத மாடு படிந்தது மாத்திரமன்றி, தானாகவே பாலையும் பொழிந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. அந்தப் பாலால் சிறுவர் மணலிலே இலிங்கம் அமைத்துத் திருமஞ்சனம் செய்தார். பால் வீணாகின்றது என்று ஊரார் தந்தை எச்சதத்தனிடம் முறையிட்டனர். தந்தை குரா மரத்தில் ஏறி மறைந்திருந்து பார்த்தார். பின்பு இறங்கி வந்து மகனின் முதுகிலே கோலால் அடித்தார். பாற்குடத்தைக் காலால் இடறினார். அதன் முடிவு யாவரும் அறிந்ததே. சண்டேசுவரர் என்ற பெரும் பதவியை அச்சிறுவர் பெற்றமையும் அறிந்ததே. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எச்சதத்தன் கொடியவரல்லர். ஊராரின் சொல்லைக் கேட்டு வெட்கமடைந்த ஒரு சாதாரணத் தகப்பன். அவர் ஊரிடம் கேட்டார், மறைந்திருந்து பார்த்தார், ஆனால் “மகனே, ஏன் இப்படிச் செய்கின்றாய்?” என்று பிள்ளையிடம் கேட்கவில்லை. இன்று புலமைப்பரிசில் பரீட்சையிலே வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்த பிள்ளைக்கு விழுகின்ற அடியில் எத்தனை அடி பிள்ளையின் பிழைக்காக, எத்தனை அடி “ஊர் என்ன சொல்லும்” என்பதற்காக? ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கோல் சீர்காழியிலே ஓங்கப்பட்டது. பிரமதீர்த்தத்தில் நீராடி எழுந்த சிவபாதவிருதயர், தம் மூன்று வயதுக் குழந்தையின் வாயிலே பால் வழிவதைக் கண்டார். யாரோ கொடுத்த எச்சிலை உண்டுவிட்டதே என்று அஞ்சினார். ஒரு சிறு குச்சியைக் கையில் எடுத்து ஓங்கினார். ஆனால் அடிக்கவில்லை. “யார் தந்த பாலை உண்டாய்? காட்டு” என்று கேட்டார். குழந்தை விண்ணைக் காட்டிப் பாடிற்று. எமக்குத் தேவாரம் கிடைத்தது. இந்தத் தகப்பனும் கோபங்கொண்டார், கண்டித்தார், கோலையும் எடுத்தார். ஆனால் ஓங்கிய கை வினாவொன்றைக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்து நின்றது. அவசரப்பட்டு அக்கை விழுந்திருந்தால், அக்குழந்தையின் வாயிலிருந்து அப்போது வந்திருப்பது அழுகையேயன்றி வேறில்லை.

மூன்றாவது கோல் மதுரையிலே அரிமர்த்தன பாண்டியனின் கையிலிருந்த பிரம்பு. வந்திக் கிழவியின் கூலியாளாகப் பிட்டுக்கு மண் சுமக்க வந்த எம்பெருமான், ஒரு சிறுபிள்ளையைப் போலவே ஆடினார், பாடினார், பிட்டை உண்டார், படுத்து உறங்கினார். வைகைக் கரையில் அவருடைய பங்கு அடைபடாமல் இருப்பதைக் கண்ட அரசன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும் அரசியர் முதுகிலும் அண்டத்திலுள்ள அத்தனை உயிர்கள் மேலும் விழுந்தது. பிட்டுத் திருவிழாவில் இக்கதையைக் கேட்டு நாம் மகிழ்கின்றோம். ஆனால் அது வீட்டுக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிடுகின்றோம். மூத்தவன் மீது விழும் அடி கதவோரத்தில் நிற்கும் தங்கை மீதும் விழுகின்றது. தடுக்க மாட்டாமல் நிற்கும் தாய் மீதும் விழுகின்றது. அன்றிரவு நித்திரை வராமல் புரளும் தகப்பன் மீதும் விழுகின்றது.

சாத்திரத்திலுள்ள எதிர்வாதம்

எனினும் சைவ சித்தாந்தம் கற்ற அன்பர் ஒருவர் எம்மை மறித்து ஒரு வினாவை எழுப்பலாம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்திலே, தம் சொல்வழி நடவாத பிள்ளைகளைப் பெற்றோர் உறுக்குவதும் மிலாறு கொண்டு அடிப்பதும் கட்டி வைப்பதுமெல்லாம் ஆராய்ந்து பார்த்தால் அன்பே என்றும், இறைவனின் சினமும் அத்தகையதே என்றும் கூறியிருக்கின்றாரே. சாத்திரமே அடியை அன்பு என்று கூறும்போது மறுப்பதற்கு நாம் யார்? இவ்வினாவை ஒதுக்கிவிட்டுச் செல்வது நேர்மையன்று.

அந்த இடத்திலே ஆசிரியர் எடுத்துக்கொண்ட பொருள் பிள்ளை வளர்ப்பு அன்று. துன்பத்தையும் இறைவன் அருளாலேயே தருகின்றான் என்ற, எம் அறிவுக்கு எட்டாத உண்மையை விளக்க, அக்கால மக்கள் நன்கறிந்த வீட்டு வழக்கம் ஒன்றை உவமையாகக் காட்டினார். உவமை விதியாகாது. முகத்துக்குத் தாமரையை உவமை கூறியவர் முகத்தைக் குளத்திலே வைக்கச் சொல்லவில்லை.

அதைவிட முக்கியமானது மறக்கருணை என்ற கருத்தின் உட்பொருள். இறைவன் வேண்டுதல் வேண்டாமை இல்லாதவன். அவனுக்குக் களைப்பில்லை, கடனில்லை, அவமானமில்லை. எந்த உயிருக்கு எந்த வினை எவ்வளவு என்று அறிந்து, அதற்கு ஒரு தினையளவும் கூடாமல் குறையாமல் ஊட்டுபவன். அந்த அறிவும் அந்தச் சமநிலையும் உள்ள கை ஓங்கினால் அது கருணை. எமது கை அப்படிப்பட்டதா? வேலையிடத்திலே மேலதிகாரியிடம் வாங்கிய பேச்சும், கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கடனும், அயலவரோடு வேலிச் சண்டையும் சேர்ந்துதான் பல வேளைகளில் எமது கையை ஓங்கச் செய்கின்றன. பிள்ளை உடைத்த கோப்பை ஒரு சாட்டு மாத்திரமே. ஆகவே சித்தியார் பெற்றோருக்கு அனுமதிச் சீட்டு வழங்கவில்லை. பரிவு என்ற கடுமையான அளவுகோலையே வழங்கியிருக்கின்றார். அந்த அளவுகோலை வைத்துப் பார்க்க இலகுவான வழியொன்று உண்டு. இப்போது அடிக்க நினைக்கும் அடியை நாளைக் காலையில், கோபம் ஆறியபின், அமைதியாக இருந்து அடிக்க உங்களால் முடியுமா? முடியாதெனில் அது பிள்ளைக்கான மருந்தன்று. எமது கோபத்துக்கான வடிகால்.

வள்ளுவர் பெருமான் கடுமையாக ஓங்கி மென்மையாக எறியும்படி கூறியிருப்பதையும் சிலர் எடுத்துக்காட்டுவர். அது அரசனுக்குக் கூறியது. அதுவும் குடிமக்கள் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாதிருத்தலை வற்புறுத்தும் அதிகாரத்திலே கூறியது. பிள்ளைகளைப் பற்றிப் பேச அவர் மக்கட்பேறு என்று தனியாக ஓர் அதிகாரமே வைத்தார். அதன் பத்துக் குறள்களிலும் சிறுகை அளாவிய உணவுண்டு, மழலைச் சொல்லுண்டு, பிள்ளையின் உடல் தீண்டும் இன்பமுண்டு, சபையில் முந்தியிருக்கச் செய்யும் தந்தையின் கடமையுண்டு. கோல் என்ற பேச்சே இல்லை.

சட்டம் நடந்து வந்த பாதை

அரச சேவையில் எழுதுவினைஞனாகக் கடமையாற்றியவன் என்ற முறையில் சட்டத்தின் நிலையையும் சுருக்கமாகக் கூற விரும்புகின்றேன். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் சிறுவரைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கியது. ஆனால் பெற்றோரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையை அது தொடவில்லை. இலங்கை 1991இல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சிறுவர் கொடுமை தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவாகியது. 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றங்கள் குற்றவாளிகளுக்குக் கசையடி விதிப்பதை ஒழித்தது. அதே ஆண்டில் கல்வி அமைச்சின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடை செய்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை அதனை மீண்டும் வலியுறுத்தியது.

2017இல் தென்னிலங்கைப் பாடசாலையொன்றில் ஆசிரியர் ஒருவர் அறைந்ததால் மாணவர் ஒருவரின் செவி பாதிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், இது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய கொடூரமான, இழிவான நடத்தை எனத் தீர்ப்பளித்தது. அரசு 5 இலட்சம் ரூபாவும் ஆசிரியர் ஒன்றரை இலட்சம் ரூபாவும் நட்டஈடு செலுத்தப் பணிக்கப்பட்டனர். 2025இல் உடல் தண்டனையைக் குற்றமாக்கும் நோக்குடன் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தபோது நாடெங்கும் வாதப் பிரதிவாதங்கள் எழுந்தன. எமது உறவுகள் வாழும் நாடுகளிலும் இப்பாதை நீண்டதே. சுவீடன் 1979இலும் நோர்வே 1987இலும் ஜேர்மனி 2000இலும் வீட்டிலும் அடியைத் தடை செய்தன. கனடாவின் உச்ச நீதிமன்றமோ 2004இல், இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையைக் கருவி எதுவுமின்றி, தலையில் அடிக்காமல், சிறிதளவு பலத்துடன் திருத்துவதை மாத்திரம் அனுமதித்தது.

கந்தோரில் நான் கண்ட ஒரு முறையை இங்கே ஒப்பிட விரும்புகின்றேன். அரச ஊழியர் ஒருவர் பிழை செய்தால் தாபன விதிக்கோவையின்படி முதலில் அவரிடம் விளக்கம் கோரப்படும். குற்றப்பத்திரம் எழுத்தில் வழங்கப்படும். பதிலளிக்கக் கால அவகாசம் உண்டு. விசாரணை உண்டு. முறைப்பாடு செய்தவரே தீர்ப்பும் வழங்க முடியாது. மேன்முறையீடும் உண்டு. ஐம்பது வயது ஊழியருக்கு இத்தனை பாதுகாப்பு. ஆறு வயதுப் பிள்ளைக்கோ முறைப்பாட்டாளரும் நீதிபதியும் தண்டனையை நிறைவேற்றுபவரும் ஒருவரே. கசையடி திருடனுக்கே கூடாது என்று சட்டம் ஏற்றுக்கொண்ட நாட்டில், பென்சில் தொலைத்த பிள்ளைக்கு அது தகும் என்று கூறுவதற்கு நியாயம் எங்கே?

ஆய்வுகளும் எமது மண்ணும்

2016இல் அமெரிக்க ஆய்வாளர்களான எலிசபெத் கெர்ஷொஃப், அன்ட்ரூ குரோகன்-கெயிலர் ஆகியோர், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் 160,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பற்றி நடந்த 75 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். அடி வாங்கிய பிள்ளைகளிடம் கீழ்ப்படிவு கூடவில்லை; முரட்டுத்தனமும் மனத்தாக்கங்களும் கூடுதலாகக் காணப்பட்டன என்பது அவர்களின் முடிவு. குழப்படியான பிள்ளைக்குத்தானே அடி அதிகம் விழும், அப்படியாயின் எது காரணம் எது விளைவு என்று இராபர்ட் லார்செலியர் போன்ற ஆய்வாளர்கள் மறுத்துக் கேட்டுள்ளனர். நியாயமான கேள்விதான். ஆனால் அடியால் நீண்டகால நன்மை விளைந்தது என்று அந்தப் பெருந்தொகுப்பு காட்டவில்லை என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

எமது மண்ணுக்கு இன்னுமொரு துயரம் உண்டு. வடகிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளிவந்த ஆய்வொன்று, நூற்றுக்கு 82 பேர் போரின் கொடுமையொன்றையாவது நேரில் அனுபவித்தவர்கள் என்றும், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வீட்டுக்குள்ளேயும் ஏதோவொரு வன்முறை அனுபவத்தைக் கொண்டவர்கள் என்றும் கூறியது. போரின் தாக்கமும் தகப்பனின் குடியும் கூடிய வீட்டில் அடியும் கூடியிருந்தது. அன்று அப்பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று தாய் தந்தையர். ஷெல்லுக்கு அஞ்சி வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் வீட்டுப் படலை திறக்கும் சத்தத்துக்கும் அஞ்ச வேண்டுமா?

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். கணவனைப் போரிலே இழந்தோ, வெளிநாட்டில் விட்டோ, தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார் எம்மத்தியில் உள்ளனர். விடிய எழுந்து வேலைக்குப் போய் மாலையில் வரும்போது, மகன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அறியும் தாயின் கை ஓங்குவது கல்நெஞ்சத்தால் அன்று. அவளிடம் சட்டப் புத்தகத்தை நீட்டுவது முறையல்ல. பெரியப்பா, மாமா, அயலவர், ஆசிரியர் என்று முன்பு பலர் தாங்கிய பாரத்தை இன்று அவள் ஒருத்தி தாங்குகின்றாள். “அடிக்காதே” என்று அவளுக்குக் கூறும் உரிமை, “நான் அவனோடு கதைத்துப் பார்க்கிறேன்” என்று முன்வருபவருக்கே உண்டு.

கண்டிப்பு வேறு, அடி வேறு

அப்படியாயின் பிள்ளைகளை அவர்கள் போக்கிலே விட்டுவிடுவதா? ஒருபோதும் இல்லை. எமது ஆற்றுத் தடுப்பணையைப் பாருங்கள். கடல் உவர் உள்ளே வராமல் தடுக்கின்றது. மாரி வெள்ளம் மிகும்போது கதவு திறந்து வழி விடுகின்றது. தண்ணீரை அது அடிப்பதில்லை, எல்லை காட்டுகின்றது. எல்லை இல்லாத வீடு உவர் ஏறிய வயலாகிவிடும். கிணற்றடிக்கோ அடுப்படிக்கோ ஓடும் குழந்தையை வெடுக்கென்று இழுப்பதும் தண்டனையன்று, காவல்.

கண்டிப்பு என்பது முதலில் கேட்பது. பிழையை மாத்திரம் கூறுவது. பிழைக்குப் பொருத்தமான விளைவை அனுபவிக்கச் செய்வது. கொட்டியதைக் கூட்டட்டும், உடைத்ததைச் சேமிப்பிலிருந்து வாங்கட்டும், தொலைபேசியால் படிப்புக் கெட்டால் தொலைபேசி இரண்டு நாள் அலுமாரியில் இருக்கட்டும். தாய் மறுத்ததைத் தகப்பன் கொடுத்தால் எந்தக் கண்டிப்பும் நிலைக்காது. கையை அடக்கிவிட்டு நாவை அவிழ்த்து விடுவதும் கூடாது. “நீ உருப்படமாட்டாய்” என்ற சொல்லின் தழும்பு பிரம்புத் தழும்பிலும் பார்க்க நெடுநாள் இருக்கும். எல்லாவற்றிலும் மேலாக, பிள்ளை எமது சொல்லைக் கேட்பதிலும் பார்க்க எமது நடத்தையையே பார்க்கின்றது. கோபம் வந்தால் பலமுள்ளவன் பலமற்றவனை அடிக்கலாம் என்ற பாடத்தை நாமே கற்பித்துவிட்டு, வீதியிலே வாள் தூக்குபவனைக் கண்டு வியப்பதில் பயனில்லை. பிரம்புக் காலம் பொற்காலம் என்று கூறுவோர் ஒன்றை எண்ண வேண்டும். அக்காலத்திலும் குடிகாரரும் சண்டைக்காரரும் இருந்தனர். அவர்களும் அடி வாங்கி வளர்ந்தவர்களே. அக்காலத்தில் நல்லவர்களாக வந்தவர்களை ஆளாக்கியது பிரம்பு மட்டுமன்று. மாலையில் விளக்கேற்றித் தேவாரம் பாடிய வீடும், கூட இருந்து கதை சொன்ன பாட்டியும், பெயர் சொல்லி விசாரித்த ஊருமேயாகும்.

இறுதியாக, ஆலய பரிபாலனத்தில் இருப்போர்க்கும் ஒரு வேண்டுகோள். பூசை வேளையிலே ஓடித் திரியும் சிறுவர்களைத் தலையிலே குட்டிக் கலைப்பது எம் ஆலயங்களில் வழக்கமாகிவிட்டது. குட்டு வாங்கிய பிள்ளை வாசலுக்கு வெளியே போய்விடும். சில ஆண்டுகளின் பின் திரும்பி வராமலும் போகலாம். ஓடுகின்ற கால்களுக்கு வேலை கொடுப்போம். ஒருவன் பூத்தட்டுக் கொண்டு வரட்டும், ஒருவன் மணி அடிக்கட்டும், ஒருத்தி பஞ்சபுராணம் ஓதட்டும், இன்னும் சிலர் அன்னதானப் பந்தியில் தண்ணீர் பரிமாறட்டும். தகப்பனுக்கே குருவாக இருந்து உபதேசித்த பிள்ளையின் சந்நிதியிலே, பிள்ளைகளின் வாயிலிருந்து நாமும் ஏதேனும் கேட்டறியக் கூடும்.

ஓங்கிய கையை ஒரு கணம் நிறுத்தி, “ஏன்?” என்று கேட்கும் பொறுமையை எம்பெருமான் எம் எல்லோருக்கும் அருள்வானாக.

மேன்மைகொள் சைவநீதி விளங்குக!